சாவி யார் இடுப்பில் இருக்க வேண்டும்?

மர அறுவை மில்லில் மத்தியானச் சாப்பாட்டு நேரம்.

ரம்பம் நின்று போய் இருக்கிறது. மோட்டார் சத்தம் இல்லை. ஒருவர் ரம்பத்துக்குக் கீழே உள்ள குழிக்குள் இறங்குகிறார். அங்கேதான் ரம்பத்தின் அடிச் சக்கரம் இருக்கிறது. சக்கரத்தைச் சுற்றி மரத்தூள் குவிந்து கிடக்கிறது. அதைக் கையால் வாரி எடுக்கிறார்.

மேலே ஒரு வாலிபர் வருகிறார். வேலைக்குச் சேர்ந்து சில நாள்தான் ஆகிறது. சாப்பிட்டுக் கழுவிய கை இன்னும் காயவில்லை. குழிக்குள் ஆள் இருப்பது அவருக்குத் தெரியாது. வழக்கம் போலப் பச்சைப் பொத்தானை அழுத்துகிறார்.

குழிக்குள் இருந்து ஒரு அலறல்!

இது ஒரு குறிப்பிட்ட மில்லில் நடந்த கதை அல்ல. மரம் அறுக்கும் எந்த மில்லிலும், எந்த நாளிலும் நடக்கக் கூடியது.

யார் மீது குற்றம்? வாலிபர் மீதா? அவர் தினமும் செய்வதைத்தான் செய்தார். குழிக்குள் இறங்கியவர் மீதா? அவர் எந்திரத்தை நிறுத்திவிட்டுத்தானே இறங்கினார்! இருவரும் தங்கள் தங்கள் வேலையைத்தான் பார்த்தார்கள்.

தவறு அந்தச் சுவிச் பெட்டியில் இருக்கிறது. அந்தப் பெட்டியில் பூட்டு இல்லை.

நிறுத்துவது வேறு, பூட்டுவது வேறு

ஓடுகிற ரம்பத்தைக் கண்டு எல்லோரும் பயப்படுவார்கள். பத்து வருடம் வேலை பார்த்தவரும் கையைத் தள்ளித்தான் வைப்பார். ஆனால் நின்ற ரம்பத்தைக் கண்டு யாரும் பயப்படுவது இல்லை. அதன் பல்லைத் தடவிப் பார்ப்பார்கள். அதன் மீது சாய்ந்து நின்று பீடி குடிப்பவர்களும் உண்டு.

மரம் அறுக்கும்போது கை ரம்பத்துக்கு வெளியே இருக்கிறது. எந்திரம் நின்ற பிறகுதான் கை உள்ளே போகிறது. பல் மழுங்கிய வாளைக் கழற்றும்போது, அறுந்த பெல்ட்டை மாட்டும்போது, சிக்கிய மரச்சிராயைப் பிடுங்கும்போது, எண்ணெய் போடும்போது, தூளை வாரும்போது! அந்த நேரத்தில் எந்திரம் ஓடினால் தப்பிக்க இடமே கிடையாது.

இதற்கு ஒரே ஒரு வழிதான் உண்டு. கை உள்ளே போகும் முன் மெயின் சுவிச்சை இறக்க வேண்டும். அதில் ஒரு பூட்டுப் போட வேண்டும். அந்தப் பூட்டின் சாவி, கையை உள்ளே விடுகிற மனிதரின் இடுப்பில் இருக்க வேண்டும். முதலாளியின் மேஜை டிராயரில் அல்ல. மேஸ்திரியின் சட்டைப் பையிலும் அல்ல.

வீட்டில் பீரோ சாவியை அம்மா முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறாள். ஏன்? திருடனுக்குப் பயந்து மட்டும் அல்ல. தனக்குத் தெரியாமல் யாரும் பீரோவைத் திறக்கக் கூடாது என்பதற்காக. மில்லிலும் அதே நியாயம்தான். குழிக்குள் இருப்பவருக்குத் தெரியாமல் யாரும் ரம்பத்தை ஓட்டக் கூடாது.

இரண்டு பேர் பிடித்த வாள்

மின்சாரம் வருவதற்கு முன்பும் மரம் அறுத்தார்கள். பெரிய தடியை உயரத்தில் ஏற்றிக் கட்டுவார்கள். ஒருவர் தடிக்கு மேலே நிற்பார். இன்னொருவர் கீழே நிற்பார். நீண்ட வாளை மேலும் கீழும் இழுப்பார்கள்.

அந்த வேலையில் கஷ்டம் அதிகம். கீழே நிற்பவரின் கண்ணிலும் மூக்கிலும் தூள் கொட்டும். நாள் முழுவதும் இழுத்தாலும் சில பலகைகள்தான் தேறும். அந்தக் காலம் திரும்ப வர வேண்டும் என்று யாரும் ஆசைப்பட மாட்டார்கள்.

ஆனால் அதில் ஒரு நன்மை இருந்தது. வாளை ஓட்டியது அவர்கள் கை. கீழே இருப்பவர் கையை எடுத்தால் வாள் நின்றது. அவருக்குத் தெரியாமல் வாள் அசைய முடியாது. பூட்டும் சாவியும் அவர் கைதான்!

மோட்டார் வந்தது. வேலை வேகமாக நடந்தது. ஆனால் வாளை ஓட்டும் சக்தி அறுக்கிறவர் கையை விட்டுப் போய்விட்டது. சுவரில் உள்ள ஒரு பெட்டிக்குப் போய்விட்டது. அந்தப் பெட்டியை யார் வேண்டுமானாலும் தொடலாம் என்றால், அது எப்படிச் சரியாகும்?

சத்தம் இல்லாமல் சுற்றும் சக்கரம்

தென்காசி மாவட்டத்தில் உள்ள செங்கோட்டையில் மர மில்கள் அதிகம். தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கும் அயல்நாட்டு மரமும் லாரி லாரியாக இங்கே வருகிறது. இந்த மாதிரி மில்களில் பெரிய தடிகளை அறுப்பது பட்டை ரம்பம். "பேண்ட் சா" என்று சொல்வார்கள்.

மேலே ஒரு பெரிய இரும்புச் சக்கரம். கீழே ஒரு பெரிய இரும்புச் சக்கரம். இரண்டையும் சுற்றி ஒரு நீண்ட எஃகுப் பட்டை. பட்டையின் ஓரத்தில் பல். மோட்டார் அடிச் சக்கரத்தைச் சுற்றும். பட்டை ஓடும். மேல் சக்கரமும் கூடவே சுற்றும். தடி ஒரு டிராலியில் ஏறித் தண்டவாளத்தின் மேல் வந்து, பட்டையில் மோதிப் பலகை பலகையாக விழும்.

அந்தச் சக்கரங்கள் பயங்கரக் கனம். கனமான பொருள் ஒரு தடவை வேகம் பிடித்துவிட்டால் சட்டென்று நிற்காது. மிதிப்பதை நிறுத்திய பிறகும் சைக்கிள் ஓடுகிறது அல்லவா? அதுபோல, மின்சாரத்தை நிறுத்திய பிறகும் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். சில எந்திரங்களில் சில நிமிடம் வரை சுற்றும்.

அப்போது மோட்டார் சத்தம் இருக்காது. மரம் அறுபடும் கிறீச்சென்ற சத்தமும் இருக்காது. பக்கத்து எந்திரம் இரைந்துகொண்டிருந்தால், இது நின்றுவிட்டது போலவே தோன்றும். வேகமாக ஓடும் பட்டையின் பல்லும் கண்ணுக்குத் தெரியாது. வெறும் பளபளப்பான தகடு மாதிரி இருக்கும். அதை நம்பிக் கையை நீட்டினால் விரல் போய்விடும்.

ஆகவே, பூட்டின பிறகும் காத்திருக்க வேண்டும். சக்கரத்தைப் பார்க்க வேண்டும். அது அடியோடு நின்ற பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். கட்டையைக் கொடுத்து நிறுத்தப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அது தைரியம் அல்ல. கட்டை தெறித்து முகத்தில் அடித்தால் அப்புறம் தெரியும்!

கரண்ட் போனால் எந்திரம் செத்துவிட்டதா?

கரண்ட் போவது நம் ஊருக்குப் புதிது அல்ல. கரண்ட் போனால் மில்லில் என்ன செய்வார்கள்? "சும்மா இருக்கிறதுக்கு இதையாவது சுத்தம் பண்ணுவோம்" என்று ரம்பத்தின் மூடியைத் திறப்பார்கள். சுவிச் போட்டபடியே இருக்கும். யாரும் அதை இறக்குவது இல்லை. கரண்டுதான் இல்லையே!

பத்து நிமிடத்தில் கரண்ட் திரும்பி வரும். எப்போது வரும் என்று அது சொல்லிவிட்டு வராது.

நல்ல ஸ்டார்ட்டரில் இதற்கு ஒரு காயில் வைத்திருக்கிறார்கள். கரண்ட் போனதும் அது பிடியை விட்டுவிடும். கரண்ட் திரும்பி வந்தாலும், ஒரு ஆள் வந்து பொத்தானை அழுத்தினால்தான் மோட்டார் ஓடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் காயில் கெட்டுப் போனால் புதிது வாங்காமல், ஸ்டார்ட்டருக்குள் ஒரு குச்சியைச் செருகி அமுக்கி வைக்கும் கெட்டிக்காரர்களும் உண்டு! அந்தக் குச்சி இருக்கும் வரையில், கரண்ட் வந்த அடுத்த நொடியே ரம்பம் ஓடும்.

கரண்ட் போன நேரம்தான் பூட்டு மிகவும் தேவைப்படும் நேரம். மெயினை இறக்கிப் பூட்டிவிட்டால் கரண்ட் வரட்டும், போகட்டும். கவலை இல்லை.

சிவப்புப் பொத்தானை அழுத்தியாயிற்றே, அது போதாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். போதாது. சிவப்புப் பொத்தான் ஸ்டார்ட்டரின் பிடியை மட்டும்தான் விடுவிக்கிறது. மின்சாரம் ஸ்டார்ட்டர் வரை வந்து வாசலில் நிற்கிறது. யாராவது தட்டினால் உள்ளே வந்துவிடும். மெயினை இறக்கினால்தான் அது தெருக்கோடியில் நிற்கும்.

"பீஸ் கட்டையைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொள்கிறோமே" என்பார்கள் சிலர். ஒன்றும் செய்யாமல் இருப்பதை விட அது எவ்வளவோ மேல். பழைய மின்சாரத் தொழிலாளர்கள் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் வேறு பீஸ் கட்டை கையில் கிடைத்தால்? ஒரு துண்டுக் கம்பி கிடைத்தால்? பிடுங்கிய பிறகு பெட்டியையும் மூடிப் பூட்ட வேண்டும்.

"போடு!"

மில்லில் ஒருவர் சொல்வது இன்னொருவருக்குச் சரியாகக் கேட்காது. ரம்பச் சத்தம் காதை அடைக்கும். கையைக் காட்டி, தலையை ஆட்டித்தான் பேசுவார்கள்.

மேஸ்திரி ஒரு ஆளைப் பார்த்து, "பலகையை அங்கே போடு" என்கிறார். சுவிச் பக்கத்தில் நிற்பவர் காதில் கடைசி வார்த்தை மட்டும் விழுகிறது. "போடு!" அவர் சுவிச்சைப் போட்டுவிடுகிறார்.

பலகையைப் போடுவதும் போடு. சுவிச்சைப் போடுவதும் போடு. ஒரு வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் இருந்தால், அந்த வார்த்தையை நம்பி ஒருவர் உயிரை விடலாமா?

"அண்ணே, போடட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் போடுவோம் என்று சொல்கிறார்கள். அண்ணனுக்குக் கேட்டதா? அண்ணன் சொன்ன பதில் இவருக்குக் கேட்டதா? குழிக்குள் இருப்பவர் "வேண்டாம், வேண்டாம்" என்று கத்தினால் மேலே "வேணும், வேணும்" என்று கேட்கலாம். இதெல்லாம் சிரிப்பதற்கு நன்றாக இருக்கிறது. நடந்தால் சிரிக்க முடியாது.

"ஆள் வேலை செய்கிறார், சுவிச்சைப் போடாதே" என்று அட்டை எழுதித் தொங்கவிடுவது ஒரு வழி. அட்டை நல்லதுதான். ஆனால் அட்டை காற்றில் விழும். மரத்தூள் படிந்து எழுத்து மறையும். அதுவும் போக, இன்றைக்கு மர மில்களில் பீகாரில் இருந்தும் ஒடிசாவில் இருந்தும் அசாமில் இருந்தும் வந்த தொழிலாளர்கள் வேலை செய்கிறார்கள். தமிழில் எழுதிய அட்டையை அவர்கள் எப்படிப் படிப்பார்கள்? தமிழ்த் தொழிலாளர்களிலும் எழுத்துக் கூட்டிப் படிப்பவர்கள் உண்டு. அவர்கள் படித்து முடிப்பதற்குள் கை சுவிச்சில் போய்விடும்.

பூட்டை யாரும் படிக்க வேண்டியது இல்லை. இழுத்துப் பார்த்தால் வராது. அவ்வளவுதான். எந்த ஊர்க்காரருக்கும் அது புரியும்.

ஒருவருக்கு ஒரு பூட்டு

இதில் ஒரு சந்தேகம் வரும். மூன்று பேர் சேர்ந்து ரம்பத்தைப் பழுது பார்க்கிறார்கள். பூட்டு ஒன்று. சாவி யாரிடம் இருப்பது?

மூன்று பேருக்கும் மூன்று பூட்டு. இதற்கென்று பல துளைகள் உள்ள இரும்புக் கொக்கி விற்கிறது. கொக்கியைச் சுவிச் கைப்பிடியில் மாட்டி, அவரவர் பூட்டை அவரவர் துளையில் போட வேண்டும். கடைசிப் பூட்டு கழன்றால்தான் கொக்கி திறக்கும். இரண்டு பேர் வேலையை முடித்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டாலும், மூன்றாவது ஆள் உள்ளே இருக்கும் வரையில் சுவிச் ஏறாது. அவர் பூட்டு காவல் நிற்கிறது.

ரயில்வேயில் இது பழைய வழக்கம். ஒற்றைத் தண்டவாளப் பாதையில் எதிரும் புதிருமாக இரண்டு ரயில்கள் வந்துவிடக் கூடாது. அதற்காக, என்ஜின் டிரைவரிடம் வளையத்தில் வைத்து ஒரு டோக்கனைக் கொடுப்பார்கள். ஸ்டேஷனில் அந்த வளையத்தை நீட்டுவதையும், ஓடும் ரயிலில் இருந்து கையை விட்டு அதை வாங்குவதையும் பார்த்தவர்கள் ஏராளம். டோக்கன் கையில் இருந்தால் அந்தப் பாதை அவருக்கு. ஒரு டோக்கன் வெளியே இருக்கும்போது இன்னொன்றை எடுக்க முடியாதபடி ஸ்டேஷன் எந்திரத்தில் பூட்டு உண்டு. "எதிரே ரயில் வரவில்லை" என்று ஒருவர் வாயால் சொன்னதை நம்பி டிரைவர் போகவில்லை. கையில் உள்ள டோக்கனை நம்பித்தான் போனார்.

ரம்பக் குழிக்குள் இறங்குகிறவருக்குச் சாவிதான் டோக்கன்.

பூட்டியாயிற்று. உடனே இறங்கிவிடலாமா? அவசரப்படக் கூடாது. முதலில் பச்சைப் பொத்தானை ஒரு தடவை அழுத்திப் பார்க்க வேண்டும். யாரும் எந்திரத்தின் பக்கத்தில் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் அழுத்த வேண்டும். எந்திரம் அசையக் கூடாது.

"பூட்டின எந்திரத்தை எதற்காக அழுத்திப் பார்ப்பது?" என்று கேட்கலாம். ஒரே சுவரில் நாலைந்து சுவிச் இருக்கும். பெரிய ரம்பத்துக்கு ஒன்று. வட்ட ரம்பத்துக்கு ஒன்று. வாள் தீட்டும் எந்திரத்துக்கு ஒன்று. எல்லாம் ஒரே நிறம். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிப் பெயர் மறைந்திருக்கும். பக்கத்துச் சுவிச்சைப் பூட்டிவிட்டு இறங்குவது சுலபமாக நடக்கும் தவறு. அழுத்திப் பார்த்தால் அது உடனே வெளிப்பட்டுவிடும். பார்த்த பிறகு சிவப்புப் பொத்தானையும் அழுத்தி வைக்க வேண்டும்.

மின்சாரம் மட்டும்தான் சக்தியா?

அல்ல. மேலே தூக்கிச் செயின் பிளாக்கில் தொங்கவிட்ட தடிக்கு மின்சாரம் வேண்டாம். சங்கிலி நழுவினால் விழும். சரிவில் நிற்கும் டிராலி தானாக உருளும். அதன் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும். தொங்கும் தடியைக் கீழே இறக்கி வைத்துவிட வேண்டும்.

பட்டை ரம்பத்தின் வாளும் அப்படியே. இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் அதை விறைப்பாக இழுத்து மாட்டி இருக்கிறார்கள். விறைப்பைக் குறைக்காமல் கழற்றினால், அது சாட்டை மாதிரி துள்ளும். வாள் மழுங்க மழுங்க மாற்ற வேண்டி இருக்கும். அடிக்கடி செய்யும் வேலை என்பதால் அலட்சியமும் வந்துவிடும்.

காற்று அழுத்தத்தில் ஓடும் கருவி உள்ள பெரிய மில்லாக இருந்தால், குழாயில் அடைபட்ட காற்றையும் திறந்துவிட வேண்டும்.

விரலுக்கு விலை

"ஒவ்வொரு தடவையும் பூட்டிக்கொண்டு இருந்தால் வேலை எப்படி நடக்கும்?" என்று முதலாளிகள் கேட்கிறார்கள். தொழிலாளர்களும் கேட்கிறார்கள். கன அடிக் கணக்கில் கூலி வாங்கும் இடத்தில் தொழிலாளிதான் அதிக அவசரப்படுவார். எந்திரம் நின்றால் கூலியும் நின்றுவிடும். "இருபது வருடமாக இப்படித்தான் செய்கிறோம். ஒன்றும் ஆகவில்லை" என்பார். ஆனவர்கள் அந்த மில்லில் இப்போது வேலையில் இல்லை. அதனால் அவர்கள் இதற்குப் பதில் சொல்ல முடிவதில்லை.

பூட்டுப் போட அரை நிமிடம் ஆகும். சக்கரம் நிற்கச் சில நிமிடம். இதுதான் முதலாளிக்கு நஷ்டம்.

தொழிலாளிக்கு என்ன நஷ்டம்? அதையும் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். 1923-ம் ஆண்டில் வந்த தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தில் ஒரு அட்டவணை இணைக்கப்பட்டது. கையின் கட்டை விரல் போனால், சம்பாதிக்கும் சக்தியில் நூற்றுக்கு 30 பங்கு போனதாகக் கணக்கு. இரண்டு விரல் போனால் 20 பங்கு. மூன்று விரல் போனால் 30 பங்கு. ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50 பங்கு.

நான்கு விரல் இல்லாதவர் பாதித் தொழிலாளியாம்! பாதித் தொழிலாளியை எந்த மர மில் வேலைக்கு வைத்துக்கொள்கிறது? தடியைப் புரட்ட முடியாது. பலகையைப் பிடிக்க முடியாது. வாட்ச்மேன் வேலை கிடைத்தால் அதிர்ஷ்டம். அட்டவணையில் பாதி என்று எழுதி இருக்கிறது. வீட்டில் முழுவதும் போய்விடுகிறது. பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளை வேலைக்குப் போகிறது. மனைவி கடன் கேட்டுப் படி ஏறுகிறாள்.

ஒரு நல்ல பூட்டின் விலை சில நூறு ரூபாய்தான். அதை வாங்கிக் கொடுக்க வேண்டியது முதலாளி. "பூட்டாமல் குழிக்குள் இறங்கினால் வேலை கிடையாது" என்று சட்டம் போட வேண்டியதும் அவர்தான். பூட்டினதால் ஆன தாமதத்துக்குக் கூலியைக் குறைக்கக் கூடாது. அப்படிக் குறைத்தால், பூட்டாதே என்று அவரே சொன்ன மாதிரி ஆகும். தொழிலாளியின் அலட்சியம் பாதிக் காரணம் என்று வைத்தாலும், அந்த அலட்சியத்தால் லாபம் அடைந்தவர் யார் என்று கேட்க வேண்டி இருக்கிறது.

சட்டம் எங்கே நிற்கிறது?

அமெரிக்காவில் 1989-ம் ஆண்டில் இதற்கென்றே ஒரு விதி செய்தார்கள். 1990 ஜனவரி 2-ந் தேதி அமலுக்கு வந்தது. எந்திரத்தைப் பழுது பார்க்கும்போது சக்தியை அடைத்துப் பூட்ட வேண்டும் என்பது விதி. பலர் சேர்ந்து வேலை செய்தால் ஒவ்வொருவரும் தம் சொந்தப் பூட்டைப் போட வேண்டும். இந்த விதியால் ஆண்டுக்குச் சுமார் 120 சாவுகளும், 50 ஆயிரம் காயங்களும் தவிர்க்கப்படும் என்று அந்நாட்டுத் தொழிலாளர் பாதுகாப்பு இலாகா மதிப்பிட்டு இருக்கிறது.

இந்தியா அதற்கு முன்னாலேயே இதை யோசித்தது. 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 24-வது பிரிவில், 1976-ம் ஆண்டு ஒரு விஷயத்தைச் சேர்த்தார்கள். மின்சாரத்தை நிறுத்தும் கருவி தவறுதலாக ஓடும் நிலைக்கு மாறக் கூடியதாக இருந்தால், அதை நிறுத்திய நிலையிலேயே பூட்டி வைக்க ஏற்பாடு வேண்டும் என்பதே அது. அமெரிக்க விதிக்கு 13 ஆண்டுகள் முன்பு!

எழுதியது நல்ல சட்டம். ஆனால் மின்சாரம் வைத்து வேலை நடக்கும் இடத்தில் சாதாரணமாக 10 பேர் இருந்தால்தான் அந்தச் சட்டப்படி அது தொழிற்சாலையாக இருந்தது. 2020-ம் ஆண்டில் பாராளுமன்றம் நிறைவேற்றிய புதிய தொகுப்பில் அந்த எண்ணிக்கையை 20 ஆக்கினார்கள். ஒரு ரம்பம், ஒரு டிராலி, ஆறேழு ஆட்கள் என்று ஊர் ஓரத்தில் ஓடும் சின்ன மில் இரண்டு கணக்கிலும் அகப்படாது. ரம்பத்துக்கு என்னவோ எத்தனை பேர் என்று எண்ணத் தெரியாது. ஆறு பேர் உள்ள மில்லிலும் அது அதே மாதிரிதான் அறுக்கும்.

இன்ஸ்பெக்டர் வருவார், பார்ப்பார் என்று அந்த ஆறேழு பேர் காத்திருந்து பயன் இல்லை. அவர்களுக்குப் பக்கத்து ஊர்ப் பூட்டுக் கடைதான் சட்டம்.

மாற்றுச் சாவி

வீட்டில் உள்ள பெண்கள் தூக்குச்சட்டியில் சோறு கட்டிக் கொடுக்கிறார்கள். "ஜாக்கிரதையாக வேலை செய்யுங்கள்" என்று சொல்லி அனுப்புகிறார்கள். ஜாக்கிரதை என்றால் என்ன என்று மில்லுக்குப் போகிறவருக்குப் புரிவது இல்லை. எப்போதும் ஜாக்கிரதையாக இருக்க எந்த மனிதராலும் முடியாது. தூக்கம் கெட்டிருக்கும். பிள்ளைக்குக் காய்ச்சலாக இருக்கும். வட்டி கட்டும் நாளாக இருக்கும். "உங்கள் பூட்டு எங்கே? சாவி எங்கே?" என்று கேட்டால் புரியும். அரைஞாண் கயிற்றில் சாவி இருக்கிறதா இல்லையா என்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

கடைசியாக ஒரு விஷயம். பூட்டுக்கு இரண்டு சாவி வரும். மாற்றுச் சாவியை என்ன செய்வது?

பல முதலாளிகள் அதை வாங்கி ஆணியில் மாட்டி வைப்பார்கள். அவசரத்துக்கு உதவும் என்று நினைப்பு. அந்த ஆணியில் சாவி தொங்கும் வரையில் பூட்டுப் போட்டும் பிரயோஜனம் இல்லை. யாராவது அவசரக்காரர் எடுத்துத் திறந்துவிடுவார். மாற்றுச் சாவியை முதலாளி தம் பெட்டிக்குள் வைத்துப் பூட்ட வேண்டும். சுலபமாக எடுக்க முடியக் கூடாது.

பூட்டினவர் சாவியோடு வீட்டுக்குப் போய்விட்டால்? சீசன் நேரம். குற்றாலத்தில் குளிக்கப் போய்விட்டார். செங்கோட்டையில் மில் நிற்கிறது! முதலாளிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "சுத்தியலை எடுத்து உடை" என்பார்.

உடைக்கக் கூடாது. முதலில் அவருக்குப் போன் செய்ய வேண்டும். அவர் உண்மையிலேயே வெளியே இருக்கிறாரா என்று அவர் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அருவிச் சத்தத்தில் அவருக்குப் போன் கேட்காவிட்டால், ஒரு ஆளை பஸ்ஸில் அனுப்ப வேண்டும். அதற்குள் மேஸ்திரி டார்ச் விளக்கோடு குழிக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். மூடி, பெல்ட், டிராலி எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். ஒருவரும் உள்ளே இல்லை என்று கண்ணால் கண்ட பிறகு, முதலாளி தாமே வந்து மாற்றுச் சாவியால் திறக்கலாம். குளித்துவிட்டு வந்தவர் மறுபடி எந்திரத்தைத் தொடுவதற்கு முன், "உங்கள் பூட்டைத் திறந்துவிட்டோம்" என்று அவரிடம் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால், பூட்டு இன்னும் இருக்கிறது என்று நம்பி அவர் நேராகக் குழிக்குள் இறங்கிவிடுவார்.